துணை மரம்

சங்கமித்ரா: கேட் முன்னாடி நிக்கிற டெம்போ உங்களதா சார்?

பத்ரிநாத்: அது... ஆமா டீச்சர். அதை விடுங்க. மரம் எப்படி இருக்கு?

சங்கமித்ரா: நேத்து பார்த்த மாதிரியேதான் இருக்கு. உட்காருங்க. அதுல பறிச்ச நட்சத்திரப்பழம் நறுக்கி வெச்சிருக்கேன், உப்பு மொளகாத்தூள் தூவி.

பத்ரிநாத்: எனக்கு மட்டும்தானா?

சங்கமித்ரா: நான் அப்புறம்... நீங்க சாப்பிடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு மேல டொரன்டோவுல யாரு நறுக்கிக் குடுப்பா?

பத்ரிநாத்: நிருபமா நல்ல பொண்ணுதான். மருமகள்னே சொல்லக்கூடாது, மக மாதிரி. ஆனா வேலைக்குத் திரும்பப் போகணும், குழந்தைக்கு ஆள் வேணும். ஷ்ரேயாஸும் ரெண்டு வருஷமா கூப்பிடறான். முடியாதுன்னு எத்தனை தடவை சொல்றது...

சங்கமித்ரா: சொல்லக்கூடாது. பெத்த பிள்ளை.

பத்ரிநாத்: இந்த ஹெப்பகோடியில முப்பது வருஷம் டீச்சர். வீட்டை வித்துப் பதிஞ்சு குடுத்துட்டு வந்தப்பகூட ஒண்ணும் தோணலை. இன்னிக்குத்தான்...

சங்கமித்ரா: பேச்சை மாத்தாதீங்க. டெம்போவுல என்ன?

பத்ரிநாத்: இந்த மரம் நட்டு எத்தனை வருஷம் ஆச்சு?

சங்கமித்ரா: பதினொண்ணு. நான் ஸ்கூல்லேர்ந்து ரிட்டயர் ஆன வருஷம். பூவாப் பூக்கும், பூவாக் கொட்டும். முதல் எட்டு வருஷம் காய் மட்டும் கண்ணுல பட்டதில்ல. உங்களுக்குத் தெரியாததா?

பத்ரிநாத்: மூணு வருஷம் முன்னாடி திடீர்னு காய்ச்சுது.

சங்கமித்ரா: உங்க வேப்பம்புண்ணாக்கு செஞ்ச வேலை.

பத்ரிநாத்: அதான்... அது புண்ணாக்கு செஞ்ச வேலை இல்ல.

கோவிந்தப்பா: சார், டெம்போ ரோட்டுல நிக்குது. டிரம் தும்ப வெயிட்டு, ஒருத்தனா தூக்க முடியாது. எங்க இறக்கறது?

பத்ரிநாத்: அஞ்சு நிமிஷம் கோவிந்தப்பா.

கோவிந்தப்பா: அப்பவும் அஞ்சு நிமிஷம்தான் சொன்னீங்க. காத்துல பிஞ்சு எல்லாம் உதிருது சார்.

சங்கமித்ரா: பிஞ்சா? எதுல?

பத்ரிநாத்: சொல்லிடறேன். இந்த மரத்துல ரெண்டு தினுசு உண்டு டீச்சர். ஒண்ணுல பூ நடுவுல இருக்கற தண்டு நீளம், இன்னொண்ணுல குட்டை. நெறைய மரம் தன் பூவை மட்டும் வெச்சுக்கிட்டுக் காய்க்காது. பக்கத்துல அடுத்த தினுசு இருக்கணும். தேனீ அங்கேயும் இங்கேயும் போய் வரணும். உங்களுது குட்டை.

சங்கமித்ரா: கணக்கு டீச்சருக்கு பாட்டனி கிளாஸ்.

பத்ரிநாத்: சிரிக்காதீங்க. நாலு வருஷம் முன்னாடி நீளத்தண்டு ஒட்டுச்செடி ஒண்ணு வாங்கி, என் மொட்டைமாடியில டிரம்ல வெச்சேன். அடுத்த வருஷம் பூத்துது. அப்புறம்தான் உங்க மரம் காய்ச்சுது. வீட்டை வாங்கினவங்க மாடியில ரூம் கட்டறாங்களாம். செடி போச்சுன்னா உங்க மரம் பழையபடி வெறும் பூவா நிக்கும். அதான் கொண்டு வந்துட்டேன்.

சங்கமித்ரா: இதை ஏன் அப்பவே சொல்லலை?

பத்ரிநாத்: சொல்லியிருந்தா அந்தச் செடியை நீங்களே வாங்கி வெச்சிருப்பீங்க. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை? என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் வேற எந்த வீட்டுலயும் நான் இப்படி உட்கார்ந்ததில்ல. கோபமா டீச்சர்?

சங்கமித்ரா: நான் எங்க துணி காயப்போடறேன் சார்?

பத்ரிநாத்: மாடியில.

சங்கமித்ரா: அங்கேர்ந்து உங்க மாடி தெரியாதா? முதல் பூ விட்ட அன்னிக்கே பார்த்தாச்சு.

பத்ரிநாத்: அப்போ... தெரிஞ்சுதான் மாசாமாசம் உரம் கேட்டீங்களா?

சங்கமித்ரா: கோவிந்தப்பா, அந்த டிரம்மை இந்தச் சுவரோரமா இறக்குப்பா. வெயில் படற மாதிரி.

கோவிந்தப்பா: செரி மேடம். கேட்டை ஸ்வல்ப, இன்னும் கொஞ்சம் அகலமா தெறந்து விடுங்க.

பத்ரிநாத்: தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்தினா போதும். தேங்கக் கூடாது. இலை மஞ்சளா போனா எனக்கு வீடியோ கால் பண்ணுங்க.

சங்கமித்ரா: வீடியோவுல இலையைப் புரட்டிப் பார்ப்பீங்களா? திரும்பி எப்ப?

பத்ரிநாத்: குழந்தை ஸ்கூல் போற வரைக்கும்னு சொல்றான். அதுக்கே மூணு வருஷம் ஆகும். அப்புறம் என் உடம்பு எப்படி இருக்கோ.

சங்கமித்ரா: ம்.

பத்ரிநாத்: ஒரு துண்டு எடுத்துக்கங்க டீச்சர். இத்தனை நாளா இந்தத் தட்டுல என் கை மட்டும்தான். ஒரு தடவை சேர்ந்து...

சங்கமித்ரா: வேண்டாம் சார்.

பத்ரிநாத்: புளிக்கலை. நல்லாப் பழுத்திருக்கு.

சங்கமித்ரா: தெரியும். நறுக்கறப்பவே வாய் ஊறும். உடனே கையைச் சோப்பு போட்டுக் கழுவிடுவேன்.

பத்ரிநாத்: எதுக்குக் கழுவணும்?

சங்கமித்ரா: எனக்குக் கிட்னி சரியில்ல. அஞ்சு வருஷமா. மத்ததெல்லாம் அளவா சாப்பிடலாம், இந்தப் பழம் மட்டும் உங்களுக்கு விஷம்னு டாக்டர் முதல் நாளே சொல்லிட்டார்.

பத்ரிநாத்: அஞ்சு வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை...

சங்கமித்ரா: பயப்படாதீங்க. மாத்திரையிலதான் ஓடுது. ஊசி, டயாலிசிஸ் மிஷின் அளவுக்குப் போகலை.

பத்ரிநாத்: செக்கப்புக்கு யாரு கூட வர்றா?

சங்கமித்ரா: யாரு வருவா? பஸ்ல போயிட்டு வந்துடுவேன்.

பத்ரிநாத்: நான் ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தேன்.

சங்கமித்ரா: சொல்லியிருந்தா நீங்க இங்க வந்து உட்கார்ந்து பழம் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. வாசல்லயே நின்னு உடம்பு எப்படின்னு கேட்டுட்டுப் போயிருப்பீங்க.

பத்ரிநாத்: எனக்கு ஒண்ணு புரியலை. நாலு வருஷம் முன்னாடி என் வீட்டு வாசல்ல வந்து நின்னீங்க. எப்படியாவது இந்த மரத்தைக் காய்க்க வெச்சுக் குடுங்க சார்னு. அப்பவே டாக்டர் சொல்லியாச்சு. வாயில வைக்கவே முடியாத பழத்துக்கு எதுக்கு டீச்சர் அவ்வளவு...

சங்கமித்ரா: காய்க்கலைன்னா ஏன்னு பார்க்க வருவீங்க. காய்ச்சா சாப்பிட வருவீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், பத்ரி.