விட்டுப்போன டிரையர்

சுதீஷ்: ...ரிப்போர்ட் நல்லா இருக்கு மேடம். அதான் எனக்குச் சங்கடம்.

ஜெஸ்லின்: நல்லா இருந்தா என்ன சங்கடம் சார்?

சுதீஷ்: சாயங்காலம் கமிட்டி முன்னாடி இதை வைக்கப்போறது யாரு? கிளப் மேனேஜர், ஞான்தானே. கார்டு ரூம் ஏசியில கை வச்சிருக்கீங்க. அங்க சீட்டு ஆடுறதெல்லாம் ரிட்டயர்டு ஜட்ஜிங்க.

செல்லபாய்: ஜட்ஜிமாரு வேத்தா என்ன சாரே?

சுதீஷ்: செல்லபாய் சேச்சி, நீங்க டவல மடக்குங்க.

செல்லபாய்: மடக்கிட்டுத்தான் இருக்கேன். கைக்குத்தான் வேலை. காது சும்மாதானே இருக்கு.

சுதீஷ்: கண்டோ மேடம்? இந்த டவல் ரூமுக்கு யாரும் வரமாட்டாங்க, நிம்மதியாப் பேசலாம்னு கூட்டிட்டு வந்தேன்.

செல்லபாய்: இந்த கரண்ட் ஆடிட்டு மேடம் வேற என்னவெல்லாம் எழுதியிருக்காங்க?

சுதீஷ்: என்ன எழுதலன்னு கேளுங்க. கோல்ஃப் புல்லுக்குத் தண்ணி அடிக்கிற பம்பு உச்சி வெயில்ல ஓடக் கூடாது, அடிக்கிற தண்ணி ஆவியாப் போகுது. விடியறதுக்கு முன்னாடி ஓட்டணும். பந்து அடிச்சுப் பழகற இடத்துல ஆளில்லாம லைட் எரியுது. பார்ல மூணு ஃப்ரீசர், மூணும் பாதி காலி. தினமும் நான் பார்க்கறதுதான். கண்ணுல பட்டதில்ல.

செல்லபாய்: அத்தனையும் மேடம் ஒத்தைக்கா கண்டுபிடிச்சாங்க?

ஜெஸ்லின்: மீட்டர் வச்சுப் பார்த்தா தெரியும். அவ்வளவுதான்.

சுதீஷ்: மேடத்துக்கு நாணம். பிரசிடென்ட் வாசிச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமோ? "இந்தக் குட்டி ஆளு கொள்ளாம்."

செல்லபாய்: ஆரு, பெரிய சாரா?

சுதீஷ்: பெரிய சார்தான்.

செல்லபாய்: இன்னொருக்கா சொல்லுங்க சாரே. டிரையர் சத்தத்துல கேக்கல.

சுதீஷ்: டிரையர் ஓடலையே சேச்சி.

செல்லபாய்: ...அப்ப காதுதான் போச்சு. சொல்லுங்க.

சுதீஷ்: கெட்டிக்காரின்னு சொன்னாரு, போதுமா? அல்ல மேடம்... டிரையர்னு சொன்னதும்தான் ஓர்மை வருது. ரிப்போர்ட்ல இது எங்க?

ஜெஸ்லின்: எது சார்?

சுதீஷ்: இந்த டிரையர். சுவர் மாதிரி முன்னாடி நிக்குதே.

ஜெஸ்லின்: அது... சின்ன லோடு சார்.

சுதீஷ்: சின்னதோ? இது ஓடினா ஆபீஸ்ல என் ஃபேன் மெதுவாகும்.

செல்லபாய்: மேடம் அத எழுதலியா?

ஜெஸ்லின்: அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு...

சுதீஷ்: மேடம், முன்ன ஒருத்தர் ஆடிட்டுக்கு வந்தாரு. எல்லாம் எழுதினாரு, பார் ஃப்ரீசர் மட்டும் விட்டுட்டாரு. பிறகுதான் தெரிஞ்சது, பார் கான்ட்ராக்டர் அவருக்கு மச்சான். கமிட்டி மொத்த ரிப்போர்ட்டையும் குப்பையில போட்டுது.

செல்லபாய்: மொத்தத்தையுமா? நல்லா எழுதினதையுமா?

சுதீஷ்: மொத்தத்தையும். கார்பனக் குறைச்ச கிளப்புன்னு வாசல்ல போர்டு வைக்க அவங்களுக்கு ஆசை. ஏசியக் குறைக்க ஆசையில்ல. ஒரு ஓட்டை கிடைச்சாப் போதும்.

செல்லபாய்: எழுதுங்க மேடம்.

ஜெஸ்லின்: வேண்டாம்.

செல்லபாய்: ஏன் வேண்டாம்?

ஜெஸ்லின்: டிரையர நிறுத்தினா இத்தனை டவலையும் வெயில்ல காயப்போடணும். ஈர டவல் கனம். கொடி தலைக்கு மேல. அவங்களுக்கு வலது தோள் மேல போகாது சார்.

சுதீஷ்: தோளோ? சேச்சிக்குத் தோள் வலியா? எனக்கே தெரியாதே. மேடத்துக்கு எப்படி...

ஜெஸ்லின்: பார்த்தா... தெரியுது சார்.

செல்லபாய்: மீட்டர என் தோள்லயும் வச்சுப் பார்த்தாங்களோ என்னமோ. எனக்கு ஒண்ணும் இல்ல சாரே.

சுதீஷ்: சத்தியம் சொல்லணும் சேச்சி. தோள் வய்யா, வேலை முடியாதுன்னா கமிட்டி வேற ஆளப் பார்க்கும்.

செல்லபாய்: பாக்கட்டு. அது பெறகு. மேடம், நான் ஒண்ணு கேக்கேன். நீங்க படிச்சது எதுக்கு? உள்ளத உள்ளபடி சொல்லத்தானே? உங்களப் படிக்க வச்சவ எத்தன வீட்டுத் துணி தொவச்சாளோ. தோளு போனா அதுலதான் போயிருக்கும். அவளுக்கு அது நஷ்டமில்ல. நீங்க ஒண்ண எழுதி ஒண்ண மறைச்சீங்கன்னா அதுதான் நஷ்டம். பெறகு அவ எப்படித் தல நிமுந்து நடப்பா? எழுது மக்களே.

சுதீஷ்: ...மக்களேயா?

செல்லபாய்: எங்க மார்த்தாண்டத்துப் பக்கம் சின்ன வயசுக்காரங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் சாரே. வாயில வந்துட்டு. மேடம் தப்பா நெனைக்கப்பிடாது.

ஜெஸ்லின்: பரவாயில்ல... அக்கா.

செல்லபாய்: அக்காவா? சரி, இருக்கட்டு.

ஜெஸ்லின்: சார், லேப்டாப்ப இப்படி வைங்க. ஒரு பாரா சேர்க்கணும்.

சுதீஷ்: சேர்த்துக்கோங்க. பக்ஷே டவல் வெளிய காயறது நடக்காது மேடம். மெம்பர் கண்ணுல துணி படக் கூடாது, அது கிளப் விதி. பந்து அடிக்கிறப்ப எதிர்ல டவல் ஆடினா கௌரவக் குறைச்சலாம்.

செல்லபாய்: புல்லுக்கு வெயில் வேணும், டவலுக்கு ஆவாதா?

ஜெஸ்லின்: பம்ப் ஹவுஸ் பின்னாடி யார் கண்ணுலயும் படாது சார். தூறல் விழாம மேல வெளிச்சம் இறங்கற ஷீட்டு போட்டுடலாம். கொடிய அசையாம கட்ட வேண்டாம். கப்பி போடலாம்.

சுதீஷ்: கிணத்துக் கப்பியோ?

ஜெஸ்லின்: அதேதான். கொடிய இடுப்பு வரைக்கும் இறக்கி, டவலப் போட்டுட்டு, கீழ நின்னு கயித்த இழுத்தா மேல போயிடும். கொடியோடவும் ஒரு கப்பி சேர்த்துட்டா இழுக்கிற பாரம் பாதிதான். தோளுக்கு மேல கை போகவே வேண்டாம். இடது கை போதும்.

செல்லபாய்: அது பிசிக்ஸா?

ஜெஸ்லின்: ம்.

செல்லபாய்: கேட்டீங்களா சாரே? பிசிக்ஸ்.

சுதீஷ்: கேட்டேன் சேச்சி, கேட்டேன். இந்தத் திருவனந்தபுரத்துல கர்க்கடக மழை அடைச்சுப் பெய்யுமே, அப்ப?

ஜெஸ்லின்: அந்த நாள்ல மட்டும் டிரையர். அதையும் எழுதியிருக்கேன். பாருங்க.

சுதீஷ்: "டவல் அறை டிரையர்: பம்பு மோட்டாருக்கு அடுத்தபடியாக கிளப்பில் அதிக மின்சாரம் எடுப்பது..." இதையோ சின்ன லோடுன்னீங்க? சரி விடுங்க. தோள் விஷயம் நான் கேக்கவே இல்ல. கப்பி வந்தா அந்தப் பேச்சு எதுக்கு? ...ஆச்சு. பிரசிடென்ட்டுக்கு அனுப்பிட்டேன்.

செல்லபாய்: இனி மாத்த ஒக்காதுல்ல?

சுதீஷ்: மாத்த முடியாது.

செல்லபாய்: வேண்டப்பட்டவங்களுக்காக எதையோ விட்டுட்டான்னு இனி ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல?

சுதீஷ்: எப்படிச் சொல்வாங்க? எல்லாந்தான் உள்ள இருக்கே. அல்ல சேச்சி, ஒரு சம்சயம்... நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்ப எனக்கும் இந்த மேடம் வயசுதான். இத்தனை வருஷத்துல என்னை ஒருநாள்கூட மக்களேன்னு கூப்பிடலையே?

செல்லபாய்: உங்கள நான் பெறலியே சாரே.