ஊருக்கு வரக் கூடாத பேப்பர்

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்:

“இந்த வாரப் பேப்பரு ஒண்ணுகூட நம்ம ஊருக்கு வந்துரக் கூடாது மதினி. அம்புட்டையும் கடையிலேயே வாங்கிருவோம்.”

“அப்படி என்னட்டி போட்டிருக்கு?”

“கம்பெனிக் கழிவ லாரியில கொண்டாந்து ஊருணியில கொட்டுதாவ, அந்தத் தண்ணியக் குடிச்சு ஆடு செத்துச்சுன்னு போட்டிருக்காம். நாந்தான் சொன்னேன்.”

“ஒம் பேரப் போட்டுட்டாவளா?”

“பேரு போடல. மூணு ஆட்டப் பறிகொடுத்த பொம்பளைன்னு போட்டிருக்காம். பேப்பர்க்கார அண்ணாச்சியே இப்பத்தான் போன்ல சொன்னாரு. நம்ம ஊர்ல மூணு ஆடு செத்தது எனக்கு மட்டுந்தானே? அந்த லாரிக்காரரு சும்மா விடுவாரா?”

மதினி அவள் பக்கம் திரும்பினாள்.

“இம்புட்டுப் பயப்படுதவ எதுக்குட்டி சொன்ன?”

“பெரிய பேப்பர்க்காரவ நம்ம ஊரு எட்டிப் பாப்பாவளா? இந்தச் சின்னப் பேப்பர்க்காரவதான் வந்து கேட்டாவ. பிள்ளைகளும் அந்தத் தண்ணியத்தான குடிக்குதுக.”

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இருவரும் பேப்பர் கடைக்கு ஓடினார்கள். நான் போனபோது கடைக்காரர் கையை விரித்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுகூட இல்லம்மா. காலையிலேயே ஒருத்தரு லாரிய நிறுத்தி, இருந்த கட்ட அப்படியே வாங்கிட்டுப் போயிட்டாரு.”

அவள் மதினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு வாசிச்சிட்டாரு மதினி. வீட்ல எம் மக தனியா இருக்கா.”