அவசரக் குறி

சாப்பிடும்போது போன் அடித்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. யாருக்குத்தான் பிடிக்கும்? நீங்களே உங்கள் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். மருத்துவமனையின் கணினிகளுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஃபயர்வால் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே வரும் தகவலெல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்று அதற்கு விதி எழுதுகிறவன் நான். பாக்கெட்டின் உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை. அதன் தலைப்பகுதியை மட்டும் பார்ப்பேன், தபால்காரர் உறையின் மேலே பார்ப்பதுபோல.

இதை ஒருமுறை மாமனாரிடம் விளக்கினேன். "அப்ப நீங்க கேட்ல நிக்கிற வாட்ச்மேன்தானே மாப்ளே? அதுக்கா இவ்ளோ படிப்பு?" என்றார். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். சுருக்கென்றுதான் இருந்தது, மறைக்கவில்லை.

அவருக்கு இதய நோய். அடுத்த தெருவில் தனியாக இருந்தார். மார்பில் ஒரு பட்டை, கட்டிலருகே ஒரு பெட்டி. துடிப்பு தப்பினாலோ, அவரே பொத்தானை அமுக்கினாலோ பெட்டி மருத்துவமனைக்கு அவசரத் தகவல் அனுப்பும். வார்டிலிருந்து உடனே என் மனைவிக்குப் போன் வரும். மனிதர் அந்தப் பொத்தானைக் காலிங் பெல்லாக்கிவிட்டார். தலையணை நழுவினால் அமுக்குவார், மூக்குக் கண்ணாடி காணோமென்றால் அமுக்குவார். இவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவாள். நாங்கள் இருவரும் ஒரு வேளை சேர்ந்தாற்போல் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

"கொஞ்சம் பொறுத்துதான் போயேன்" என்பேன்.

"நெஜமாவே முடியாம கூப்பிட்டிருந்தா என்னங்க பண்றது?" என்பாள். நியாயமான கேள்வி.

அவசரத் தகவலின் தலைப்பகுதியில் ஓரிடத்தில் ஒரு குறி இருக்கும். வழக்கமான விதிகள் அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கும்படி நானே ஒரு விதி எழுதினேன். எங்கள் தொழிலில் புது விதியை எடுத்த எடுப்பில் அமல்படுத்த மாட்டோம். முதலில் எதையும் தடுக்காமல் எண்ண மட்டும் விடுவோம். என் திரையில் எண் ஏறும், சற்று நேரத்தில் அவள் போன் அடிக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. விதி கச்சிதமாக அமைந்தால் வரும் நிறைவு எங்கள் ஆட்களுக்குத்தான் புரியும்.

தடுப்பதிலும் இரண்டு வகை உண்டு. மறுத்துத் திருப்பி அனுப்பினால் பெட்டிக்குத் தெரிந்துவிடும், கத்தி ஊரைக் கூட்டிவிடும். சத்தமில்லாமல் விழுங்கிவிட்டால், பாவம், பதில் வருமென்று நம்பித் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். நான் விழுங்கச் சொன்னேன். 'பெட்டி இயங்குகிறது' என்ற சாதாரணத் தகவலை மட்டும் விட்டேன். வார்டுத் திரையில் எல்லாம் பச்சையாகவே இருந்தது.

அன்று மத்தியானம் மனைவியை ஓட்டலுக்கு அழைத்துப்போனேன். அவள் தன் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். என் போனை மடியில் வைத்திருந்தேன், விதியின் எண்ணிக்கை தெரியும்படி.

எண் ஏறியது. தலையணையாக இருக்கும் என்று நினைத்தேன். பொத்தானை அமுக்கினால் பெட்டி கொஞ்ச நேரம் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். துடிப்பு தப்பினால் ஓயாது. அன்று அது ஓயவில்லை.

"என்னங்க, அப்பா இன்னிக்கு ரொம்ப சமத்தா இருக்காரு?" என்று சிரித்தாள்.

"வயசாகுதுல்ல, பொறுமை வந்திருக்கும்" என்றேன்.

மடியிலிருந்த போனைப் பார்த்தேன். ஒரு விரல் வைத்தால் போதும், விதி போய்விடும். அவள் ஐஸ்கிரீம் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லு என்றேன். அவள் அவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா. திரும்பும் வழியில் அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். கதவைத் திறந்தவள் அவள்தான். என் பையில் எண் அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் பெட்டியை மட்டும் தடுத்திருக்க முடியாதா என்கிறீர்கள். தாராளமாக முடியும். பெட்டியின் அடையாளமும் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. விதியில் ஒரு வரி கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒருவருக்கென்று எழுதினால் அது பகை. எல்லோருக்கும் பொதுவாக எழுதினால் அது ஒழுங்கு. காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பியபோதும் நான் அதை நீக்கவில்லை. இந்த வாரம் வார்டு நிம்மதியாக இருக்கிறது என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். அதே பெட்டி இருந்த மற்ற மூன்று வீடுகளிலும் போன் அடிக்கவில்லை. ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு லாரி ஓட்டுநர், தையல்காரரின் சின்ன மகள்.

ஆகையால் வேறு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். மாமனார்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அப்படி இருந்திருந்தால் அவரோடு நிறுத்தியிருப்பேனே.