ஜோடியாக் கட்டின மீன்

இல்லம்மா, எங்க வீட்டுக்காரரு ஆலிக் மேல வருத்தப்படாதே. நீ காட்டின பட அட்டையில மீனுக்குத் தலை இருக்குல்ல, அதான் வாயத் தொறக்கல. இந்த ஆர்ப்ரோத் ஊருல, அதுவும் இந்தத் துறைமுகத்தடியில பொறந்து மீனுக்குப் புகை போட்டே வயசான ஆளுகிட்ட தலையோட ஒரு மீனைக் காட்டினா அவரு என்னன்னு சொல்லுவாரு? எங்க மீனுக்குத் தலையும் கிடையாது, குடலும் கிடையாது. வாலுதான் முக்கியம். வா, கொல்லைப்பக்கம் வந்து நில்லு, அவரு கொஞ்சம் கண்ணசரட்டும். துணியில புகை வாசம் புடிச்சுக்கும், பரவால்லியா? பஸ்ஸுல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க, பாத்துக்கோ.

என்ன சொன்னே, பக்கவாதத்துல போன வார்த்தையெல்லாம் ஒண்ணொண்ணாத் திரும்ப வருமா? எல்லாமேவா? ம். உன் வேலையே அதுதானே, பேச்சு சொல்லிக்குடுக்கிறது.

இப்போதைக்கு அவரு வாயில இருக்கிறது ஒரே வார்த்தை. ஸ்மோக்கி. நாங்க புகை போடற இந்த மீனோட பேருதான். டீ வேணும்னா ஸ்மோக்கி, சன்னலைச் சாத்தணும்னா ஸ்மோக்கி. பாதிரியார் வந்து கையைப் புடிச்சிக்கிட்டு உருகி உருகி ஜெபம் பண்ணினாரு. ஆமென் சொல்ற எடத்துல இவரு ஸ்மோக்கின்னாரு பாரு, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ராகத்துல வரும், நான் கண்டுபுடிச்சிடுவேன். என்னைக் கூப்பிடறதும் அதேதான். நெட்டான்னு என் பேரை அவரு வாயால கேட்டு மாசக்கணக்காச்சு.

கிப்பரா? ஐயோ, அதை அவரு காதுல போட்டுடாதே. அது வேற மீனு, வேற பக்குவம். டண்டீலேருந்து ஒருத்தன் காரை நிறுத்திட்டு வந்து நாலு கிப்பர் குடுன்னான். ஆலிக் அவன் மூஞ்சிலயே கதவைச் சாத்திட்டாரு. ஸ்மோக்கின்னு கேளு, தர்றேன்னு உள்ளேருந்து கத்தறாரு. ஒரு வார்த்தைதான் மிஞ்சும்னா இதுதான் மிஞ்சும்னு எனக்குத் தெரியாதா.

அந்தச் சாக்கைத் தொடாதே, சுடும். ஈரச்சாக்குதான், ஆனா கீழ பீப்பாய்ல கட்டை எரியுது. மூடி வச்சாதான் சூடும் புகையும் உள்ளயே நின்னு மீனு வேகும். மேசை மேல கெடக்கு பாரு, இன்னும் ஏத்தாதது. வாலும் வாலும் சேர்த்து ரெண்டு ரெண்டாக் கட்டணும். கம்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணாத் தொங்க விடணும். தனியா ஒரு மீனு கம்புல நிக்காது. ரெண்டும் ஒரே கனமா இருக்கணும். பெருசோட சின்னதைக் கட்டினா பெருசு தன் பக்கம் இழுக்கும், கட்டு நழுவும். அப்புறம் ரெண்டும் நெருப்புலதான்.

ஆலிக்குக்குத் தராசெல்லாம் வேண்டாம், கையில எடுத்தா போதும். கல்யாணமான புதுசுல நான் கட்டினதையெல்லாம் அவுத்துப் போட்டுடுவாரு. ஏ நெட்டா, உங்கப்பனையும் என்னையும் சேர்த்துக் கட்டின மாதிரி இருக்குடின்னுவாரு. எங்கப்பா நல்ல குண்டு.

இல்ல இல்ல, நீ நேரமாச்சுன்னா சொல்லு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன். ரெண்டு பேரு இருக்கிற வீடுதான், ஆனா பேசறது நான் ஒருத்திதான். கேள்வியும் நானே, பதிலும் நானே. சில நாளு ரேடியோவுல மழை வரும்னு சொல்றவனுக்குக்கூடப் பதில் சொல்றேன். பர்த் ஊருல என் தங்கச்சி இருக்கா, போன் பண்ணி ஆலிக் எப்படி இருக்காருன்னு கேப்பா. சனிக்கிழமை மீன் வாங்க வர்றவங்களும் அதையேதான் கேப்பாங்க. நீதான் வந்ததும் நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டே. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னே மறந்து போச்சு எனக்கு.

முன்னாடியே அறிகுறி ஏதாச்சுமா? ஆஸ்பத்திரியிலயும் கேட்டாங்க. இல்லைன்னேன். நடை சரியா இருந்துச்சு, பேச்சு சரியா இருந்துச்சு. மீன் கட்டு மட்டும் தப்பாச்சு. விழறதுக்கு முந்தின குளிர்காலம் பூரா, பெருசும் சின்னதுமாக் கட்டிக்கிட்டு இருந்தாரு. சாக்கை விலக்கினா அடியில கருகிக் கெடக்கும். நான் ஒண்ணும் கேக்கல. எடுத்து வெளிய வீசிடுவேன், கடல்காக்கா கொத்திட்டுப் போயிடும்.

இல்லம்மா, அது நோவு இல்ல. கை நல்லாத்தான் இருந்துச்சு. மனசுதான் இங்க இல்ல. அது கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா.

ஆமா, கேட்டியே. உங்க பேருலேருந்தே ஆரம்பிக்கலாமான்னு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான் ஆரம்பிப்பீங்களா? அவருக்கும் ஆசையா இருக்கும், உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்னு சொன்னே. சந்தோஷமாத்தான் இருக்கும். எனக்கு வேற என்ன வேணும்.

அன்னிக்குக் காலையில நான் இதே மேசையில நின்னு மீன் கட்டிக்கிட்டு இருந்தேன், கையெல்லாம் உப்பு. அவரு நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு அந்த வாசப்படியில வந்து நின்னாரு. கால்கிட்ட பெட்டி. நெட்டா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னாரு. இதைக் கட்டிட்டு வர்றேன்னேன். கயித்தை இழுத்து முடிச்சுப் போட்டுட்டுத் திரும்பறேன், தரையில கெடக்காரு.

பெட்டி மாடிப்படிக்குக் கீழதான் இருக்கு. தொறந்து பாக்கல. பீரோவுல நாலு சட்டை குறையுது, அது தெரியும்.

அதனால டீ சொல்லிக்குடு கண்ணு. தண்ணி, சன்னலு, வலிக்குதுங்கறது, எல்லாம் சொல்லிக்குடு. பாதிரியாருக்காக ஆமெனும் சொல்லிக்குடு. நெட்டாங்கறதை மட்டும் கடைசியா வச்சுக்கோ. அன்னிக்குப் பாதியில நின்ன பேச்சு அதுலதான் ஆரம்பிச்சுது.

கேக்குதா? முழிச்சிட்டாரு. இது என்னைக் கூப்பிடற ராகம். இந்தா, இந்த ஜோடியை நீ எடுத்துட்டுப் போ, வெந்ததுதான். கயித்தை இங்க அறுக்காதே, வீட்டுக்குப் போய் அறுத்துக்கோ.

இதோ வர்றேங்க.