உயரக் கம்பியின் கீழே

எங்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக் கூடத்தில் கணப்பு எப்போதும் நன்றாக எரியும். டிரெஸ்டன் நகரமே நிலக்கரிக்கு வரிசையில் நின்ற குளிர்காலத்திலும் பிள்ளைகள் மெல்லிய உடையில் கம்பியில் சுழல்வார்கள். அரசு எங்களை நன்றாகத்தான் வைத்திருந்தது, ஐயா. நாட்டைப் பிரித்த சுவர் விழுந்த பிறகு வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஊக்க மாத்திரைகளைப் பற்றியே கேட்கிறீர்கள். அது மருத்துவர்களின் வேலை. நான் செய்ததைச் சொல்கிறேன்.

போரில் குண்டு விழுந்து எங்கள் தெரு சரிந்தபோது எனக்கு ஏழு வயது. இடிபாடுகளிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்பு உத்தரங்களில்தான் தொங்கிப் பழகினேன். அதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் டிராட்வைன் என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆடும்போது கால் மடங்கினால், நனைத்த கயிற்றை முட்டிக்குப் பின்னால் வீசுவார். தோல் பிய்ந்துவிடும்; ஆனால் கால் நீளும். தேசிய அணிக்குத் தேர்வான வாரம் என் முட்டி முறிந்தது. பயிற்சியாளர் ஆனேன். கயிறும் என் கைக்கு வந்தது.

கோபத்தில் நான் அடித்ததில்லை. கோபக்காரர்களுக்குக் குறி தவறும். ஒருத்திக்கு விரல் உடைந்தது, அவள் கையைக் குறுக்கே நீட்டியதால். இன்னொருத்தி பிடியை விட்டுவிடுவேன் என்று அழுதாள். மணிக்கட்டுகளைத் தோல்வாரால் கம்பியோடு கட்டினேன். மயங்கியதும் அவிழ்த்துவிட்டேன். அதன் பிறகு அவள் அழுததே இல்லை.

குண்டுலா ரைஷ் வேறு ரகம். ரொட்டிக் கடைக்காரர் மகள், பதினான்கு வயது. உயரக் கம்பியிலிருந்து விடுபட்டு, அந்தரத்தில் இரண்டு கரணம் அடித்து இறங்குவாள். அப்போது எங்கள் நாட்டில் வேறு யாராலும் அது முடியாது.

"டீச்சர், கழுத்து மரத்துப் போகுது."

"மரத்தா நல்லதுதானே. வலிக்காது."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒரு நாள் காலை அவள் அம்மா வந்து நின்றாள், முழங்கை வரை மாவு. மகளின் கால்களில் கயிற்றுத் தழும்புகளைப் பார்த்திருக்கிறாள்.

"போதும் மேடம். எம்பொண்ணக் குடுத்துடுங்க. கடையில நின்னு ரொட்டி விக்கட்டும்."

"சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க. கடைசியா ஒரு தடவை ஆடிட்டு வரட்டும்" என்றேன்.

உடை மாற்றும் அறையில் குண்டுலா பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. அந்தக் கால்கள், அந்த முதுகு எல்லாம் என் கையால் ஆனவை. அவை ரொட்டித் தட்டு சுமக்கப் போகின்றன என்ற சந்தோஷத்தில் பாடினாள்போலும். கம்பியின் கீழே கிடந்த தடித்த மெத்தையை எடுத்துவிட்டு மெல்லியதை விரித்தேன்.

இறங்கும்போது கீழே நின்று முதுகைத் தாங்குவது என் பொறுப்பு.

"பிடிச்சுக்குவீங்கல்ல டீச்சர்?" என்று மேலிருந்து கேட்டாள்.

"எப்பவும் போலத்தான்."

இரண்டாவது கரணத்தில் அவள் முதுகு என் விரல்களைத் தொட்டது. கைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். காய்ந்த விறகை முறிப்பது போல ஒரு சத்தம். வாயிலிருந்து கொஞ்சம் இரத்தம் வந்தது. மெல்லிய மெத்தையை அவளுக்கடியிலிருந்து உருவிச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன்.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கண் மட்டும் என்னைத் தேடியது.

"நீங்க பிடிச்சீங்களா டீச்சர்?"

"பிடிச்சேன்மா. நீதான் கம்பிய சீக்கிரம் விட்டுட்ட."

"மன்னிச்சிடுங்க" என்றாள். மறுநாள் இறந்துபோனாள்.

அவளை அப்போதே மன்னித்துவிட்டேன், ஐயா. பிள்ளைகள்மீது மனத்தாங்கல் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.