விருந்தாளி பத்திரமா வந்து சேந்தாச்சு

...அதத்தாண்ணே நானும் கேக்கறேன், கட்டின புருசன நட்டாத்துல விட்டுட்டு ஒருத்தி விமானம் ஏறிப் போவாளா? போயிட்டா. ஐகாயேலி போயிட்டா. ரெண்டு பேருக்குப் போட்ட டிக்கெட்டு. ஒருத்தியா உக்காந்துகிட்டு, சன்னல் வழியா என்னயப் பாத்துகிட்டே போயிட்டா. இப்ப அவ சான்சிபார்ல கடலப் பாத்த அறையில சாஞ்சு கெடப்பா. நான் இந்தக் கப்பல்ல கொடலப் புடிச்சுகிட்டு உக்காந்திருக்கேன். இது ஏன்ணே இப்படித் தூக்கிப் போடுது? ரோடு மோசமா? ...ஆமா ஆமா, தண்ணி. தெரியும். கடலுக்கு நான் புதுசு.

சிரிக்காதீங்க. அருஷாவுல வந்து மங்கா அப்பான்னு கேளுங்க, நாயி கூட வழி காட்டும். சஃபாரி டிரைவரு. வெள்ளக்காரன், சீனாக்காரன்னு வர்றவங்கள வண்டியில ஏத்தி, செரெங்கெட்டி பூரா சுத்திக் காட்டி, கடைசியில புல்லு தரையில இருக்கற விமான எறங்குதளத்துல விட்ருவேன். அவங்க குட்டி விமானத்துல ஏறிக் கடலுக்குப் போவாங்க. நான் காலி வண்டிய ஓட்டிக்கிட்டு அருஷா திரும்பிருவேன். எங்க தொழில்ல அதான் மொற. காட்டுப் புழுதி மொதல்ல, கடலு உப்பு அப்பறம். புழுதி டிரைவரு பாடு, உப்பு விருந்தாளி பாடு. நான் அந்தத் தீவுக்கு அனுப்பிவெச்ச ஆளுங்கள வெச்சு ஒரு ஊரே கட்டலாம்ணே.

இவளுக்கு அதான் ஆத்தாமை. 'ஊரு ஒலகத்துக்கெல்லாம் யான காட்டறீங்க, எனக்கு ஒரு எலியாவது காட்டுனீங்களா?'ன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரே பாட்டு. பொண்ணு மங்காவையும் கட்டிக்குடுத்தாச்சு, இனிமே என்னன்னு நானும் சரின்னேன். மழ ஓஞ்ச சமயம், தங்கற எடமெல்லாம் ஈ ஓட்டிக்கிட்டிருக்கு. எங்க மொதலாளியும் போயிட்டு வாய்யான்னுட்டாரு. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, டிரைவரா இல்லாம வாங்க'ன்னா. இதென்ன பிரமாதம்? தலைய ஆட்டிட்டேன்.

திட்டம் போட்டேன் பாருங்க, திட்டம்! நீலத் துணி எடுத்து வெக்காத, காட்டு ஈ நீலத்தத் தேடி வந்து கடிக்கும். பொட்டி வேணாம், துணிப்பை எடு, குட்டி விமானத்துல பொட்டி நொழையாது. இப்ப உங்கள மாதிரி ஆளு வந்தா என்ன பண்றது, இம்மாம் பெரிய பொட்டி! குடுங்க இப்படி. அட குடுங்கண்ணே, நான் வெச்சுக்கறேன், பழக்கந்தான். எங்க எந்திரிக்கறீங்க? கழிப்பறைக்கா? வேணாம், அங்க ஒரு கூட்டமே வாந்திப் பையில மூஞ்சிய விட்டுகிட்டு நிக்குது. உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆங், வண்டி. முன் சீட்டுல எம்பக்கத்துல உக்கார வந்தா. 'அங்க வேணாம், பின்னாடி போ, கூரை தொறந்தா அங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்'னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டா. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்த அவ கையில குடுத்தேன். அவிச்ச முட்ட, கோழித்துண்டு, வாழப்பழம். நான் எப்பவும்போல வண்டிக்குப் பின்னால நின்னுகிட்டே சாப்புட்டேன். அதுவும் குத்தமாம்.

அப்பறம் அந்த ரேடியோ. வண்டிக்கு வண்டி நாங்க பேசிக்குவோம். சிங்கத்துக்கு நாம சொல்ற பேரு இப்ப எல்லா வெளிநாட்டுக்காரனுக்கும் தெரிஞ்சுபோச்சு, அதனால மீசைன்னு சொல்லுவோம். யானைக்குக் காது. ஏத்திட்டு வந்த ஆளப் பத்தியும் நாலு வார்த்த பேசிக்குவோம், நம்ம பாஷ அவங்களுக்கென்ன தெரியும்? என் கூட்டாளி மெலியாரி ரேடியோவுல, 'இன்னிக்கு உருப்படி எப்படிடா?'ன்னான். நான் சொன்னேன், 'ஒண்ணே ஒண்ணுதான், ஆனா கனமானது. பின் டயரு அமுங்குது. ஒட்டகச்சிவிங்கி தூங்குமா, நரி என்னத்தத் திங்கும்னு கேட்டுக் கேட்டே உசுர எடுக்குது.' பின்னாடி டமார்னு சன்னல் சாத்தற சத்தம். அப்பத்தாண்ணே ஒறச்சுது, இந்த உருப்படிக்கு நம்ம பாஷ தெரியும்.

சொன்னா வெக்கக்கேடு. சாயங்காலம் எங்களுக்கு, புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு வெச்சிருக்கற கூடாரத்தக் குடுத்தாங்க. மெத்தையெல்லாம் பூவு. நான் அவ பைய உள்ள வெச்சு, கொசுவலைய எறக்கிவிட்டு, 'இருட்டினப்பறம் தனியா நடக்காத, காவல்காரரக் கூப்புடு, விடியறதுக்கு முன்ன கெளம்பணும், நல்லாத் தூங்கு'ன்னு சொல்லிட்டு... போயிட்டேன். எங்கேன்னா? டிரைவருங்க கொட்டாய்க்கு. எங்க சாப்பாடு, எங்க கட்டிலு அங்கதானே? மெலியாரி கூட சீட்டாடிட்டுப் படுத்தேன். நல்லாத் தூங்கினேன்ணே, பொய் சொல்லுவானேன். காலையில போயி கூடார வாசல்ல நின்னு, 'குட்மார்னிங், தூக்கமெல்லாம் எப்படி?'ங்கறேன். அவ உள்ளேர்ந்து பாக்கறா. மெத்தையில ஒரு பக்கம் பூவு கசங்கியிருக்கு, இன்னொரு பக்கம் வெச்சது வெச்ச மாதிரி இருக்கு.

கால்ல விழாத கொறைதான். 'இனிமே பாரு, கடக்கரையில டிரைவரே இருக்கமாட்டான், உம்புருசன் மட்டுந்தான்'னு மங்கா மேல சத்தியம் பண்ணினேன். சிரிச்சுட்டாண்ணே. பாவம், சட்டுன்னு சிரிச்சுருவா. 'கடல்ல எறங்கறப்ப எங்கையப் புடிச்சுக்கணும், விடக்கூடாது'ன்னா.

அப்பறம் ஏன் விட்டுட்டுப் போனான்னா கேக்கறீங்க? அது... அது வந்து... என்னா காத்துண்ணே இங்க!

சரி, சொல்லித் தொலைக்கறேன். எறங்குதளத்துக்குப் போனோம். நடுவுல வரிக்குதிர நின்னுச்சு, வண்டிய விட்டு வெரட்டினேன். விமானம் எறங்குச்சு. பைய தூக்கிட்டுப் போயி ஏத்தினேன். அவ ஒரு பொட்டலத்த எங்கையில குடுத்து, 'அங்க போயிப் போட்டுக்குங்க'ன்னா. எனக்கு எங்க காதுல விழுந்துச்சு? கெளம்பறப்ப விருந்தாளிங்க ஏதாவது குடுப்பாங்க, பழைய செருப்பு, டார்ச்சு லைட்டு. ரொம்ப நன்றின்னு வாங்கிப் பின் சீட்டுல போட்டேன். விமானம் ஓட்டறவன், 'ரெண்டு பேருன்னு இருக்கே, இன்னொருத்தர் எங்க?'ன்னான். நான் சொன்னேன்... நாந்தாண்ணே சொன்னேன், 'தப்பா எழுதியிருப்பாங்க, நம்ம விருந்தாளி ஒருத்தர்தான்'னு. அவ எம்மூஞ்சியவே பாத்தா. நான் கைகுடுத்து, 'திரும்பவும் எங்க நாட்டுக்கு வாங்க, போய்ச் சேந்ததும் ஒரு சேதி போடுங்க'ன்னேன். ஏறிட்டா. சன்னல் வழியா பாத்துகிட்டே இருந்தா. நான் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அதான் மொற.

அப்பறம் பாட்டுப் போட்டுகிட்டு அருஷா ரோட்டப் புடிச்சுட்டேன். பெட்ரோல் போட நின்னப்பத்தான் அந்தப் பொட்டலத்தப் பிரிச்சேன். நீச்சல் கால்சட்ட. செவப்புல பெரிய பெரிய பூவு. எங்க ஊரு தையக்காரிகிட்ட எனக்கு அளவெடுக்காமயே தெச்சு வாங்கியிருக்கா. போனப் பாத்தா சேதி கெடக்கு. 'விருந்தாளி பத்திரமா வந்து சேந்தாச்சு. நன்றி, டிரைவர்.'

அதுக்கப்பறம் அவ போன எடுக்கல. வண்டிய மெலியாரிகிட்ட விட்டுட்டு, பஸ்ஸு புடிச்சு, இதோ. இந்தக் கப்பல்ல வரேன்னு எழுதினேன், பாத்துட்டா, பதில் போடல. பயமா இருக்குண்ணே. சிங்கம் வண்டி மேல ஏறினப்ப கூட இப்படிப் பயப்படல. இதோ, பேண்ட்டுக்குள்ள அந்தப் பூப்போட்டதத்தான் போட்டிருக்கேன். கச்சிதமா இருக்கு.

கரை வந்துருச்சா? அந்தக் கூட்டத்துல மஞ்சத் துணி... அவதான்! ஐகாயேலி! கையில அட்ட புடிச்சிருக்காளே. நான் ஏர்போட்டுல விருந்தாளி பேரெழுதிப் புடிப்பேன்ல, அதே மாதிரி. எங்கண்ணுக்கு எட்டல, என்ன எழுதியிருக்கு, படிங்க. ...'டிரைவர்'னா? வேற ஒண்ணும் இல்லியா? ...சரி. வந்திருக்காள்ல.

நீங்க போங்கண்ணே, எல்லாரும் எறங்கினப்பறந்தான் டிரைவருங்க நாங்க... சீ! வழி விடுங்க, வழி விடுங்கம்மா, நான் எறங்கணும்! எஞ்சட்டைய ஏன்ணே புடிச்சு இழுக்கறீங்க? என்னது? ...அட ஆமா, உங்க பொட்டி. இந்தாங்க, நீங்களே தூக்கிக்குங்க.