தொட்டியில் மிதந்த துணுக்கு

இப்போதெல்லாம் ஒரு கதையை முழுதாகக் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது. கரண்ட் போனதும் படிக்கட்டில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது நீங்கள். "பெருசு, பேய்க் கதை ஏதாவது அவுத்து விடுங்க" என்று கேட்டதும் நீங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இந்த இரண்டாம் மாடித் தம்பி போனை எடுத்துக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம், சொல்லுங்க, தேடிப் பாத்துடுறேன்" என்கிறான். தேடு, நன்றாகத் தேடு. பெற்ற அப்பன் பசிக்கிறது என்றாலும் போனில் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவீர்கள்.

எனக்குப் பேய் மேல் நம்பிக்கை இல்லை. உங்கள் போன் மேலும் இல்லை. டாக்டர் மேல் சுத்தமாகக் கிடையாது, நம்ம மாடி நர்ஸம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. அதிகம் படிக்காதவன், வண்டி ஓட்டியவன். காதில் விழுந்ததையும் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். போனை அணைத்துவிட்டுக் கேள்.

விடியற்காலை நாலரை மணி... ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாலை. ஒரு பக்கம் நீளமான சுவர், மறுபக்கம் பூட்டிய கிடங்குகள். ஒரு விளக்கு எரியும், அடுத்தது எரியாது. நாய்கூட அந்தப் பக்கம் படுக்காது.

அந்தச் சாலையில் தினமும் என் வேனில் ஓர் ஆளைக் கொண்டுபோய் விடுவேன். என் கூட்டாளி ஒருவன் பெயிண்டர். அவனுடைய தங்கச்சி புருஷன்தான் அந்த ஆள். ஆஸ்பத்திரியில் சதையை வெட்டிக் கண்ணாடியில் ஏற்றுகிற வேலை. கையில் எப்போதும் மெழுகு வாடை அடிக்கும். மெழுகு மாப்பிள்ளை என்றுதான் எங்களுக்குள் பெயர்.

வழியெல்லாம் தன் தொழிலைப் பற்றித்தான் பேசுவான். ஆபரேஷனில் எடுத்த சதைத் துண்டை மெழுகுக்குள் பதித்துக் கட்டியாக்குவார்களாம். அதை ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, எந்திரத்தில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றினால் வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஏடு ஏடாக வருமாம். அந்த ஏட்டை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் போய் விரியும். அடியில் கண்ணாடித் தகட்டைக் கொடுத்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். அதைத்தான் டாக்டர் பூதக்கண்ணாடி எந்திரத்தில் வைத்துப் பார்த்து, நோயா இல்லையா என்று எழுதுவார்.

"பேரைப் பென்சில்லதான் எழுதணும்ணே. பேனா மை மருந்துல கரைஞ்சு போயிடும். அப்புறம் யார் சதை யாருதுன்னே தெரியாது."

"சரி."

"கட்டியக் கழட்டும்போது சக்கரத்தப் பூட்டிடணும். இல்லேன்னா விரல் போயிடும்."

"சரிப்பா."

"எல்லாத்தையும்விட முக்கியம் தண்ணிதான். ஒருத்தர் கட்டிய வெட்டி முடிச்சதும் ஒரு காகிதத்தால தண்ணி மேல ஒரு இழு இழுக்கணும். முந்தின ஆளோட துணுக்கு ஏதாவது மிதந்துக்கிட்டு இருந்தா அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும்."

"இழுக்கலேன்னா?"

"அது அடுத்த ஆள் கண்ணாடியில ஏறி உக்காந்துக்கும்ணே."

புதிதாகச் சேர்கிற எல்லோருக்கும் இவன்தான் சொல்லிக்கொடுப்பான். சொல்லிக்கொடுப்பான், சரி. செய்தானா? கை பழகிவிட்டதல்லவா. மெழுகுக் கட்டிகள் குவிந்து கிடக்கும், மேலே இருந்து ஆள்மேல் ஆள் வந்து ஆச்சா ஆச்சா என்பார்கள். காகிதம் இழுப்பதை விட்டுவிட்டான். காலையில் ஒரு தடவை இழுத்தால் போதும் என்று வைத்துக்கொண்டான்.

அப்படி ஒரு நாள் தையல் கடைக்காரப் பெண் ஒருத்தியின் மார்பில் எடுத்த துண்டு வந்தது. அதற்கு முன்னால் வெட்டியது நோய் முற்றிய வேறு யாருடையதோ. டாக்டர் பார்த்தார். புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த மார்பும் இவனிடமேதான் வந்தது. மேலிருந்து கீழ்வரை வெட்டிப் போட்டான். எதிலும் நோய் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. "முதல்ல எடுத்த துண்டுலயே எல்லாம் வந்துடுச்சு போல. அதிர்ஷ்டக்காரி" என்று டாக்டர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இவன் போகவில்லை. பழைய கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தான். அவளுடைய சதை ஒரு பக்கம். ஓரத்தில் தள்ளி... தனியாக... ஒரு துணுக்கு. நோய் இருந்தது அந்தத் துணுக்கில் மட்டும்தான்.

கண்ணாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

இதோடு போயிருந்தால்கூடத் தேவலை. கட்டுப் போட்ட உடம்போடு அந்தப் பெண் ஒருநாள் ரிப்போர்ட் வாங்க வந்து, இவன் அறை வாசலில் நின்றிருக்கிறாள். உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தாளாம். "உங்க மிஷினும் என் மிஷின் மாதிரிதான் சக்கரம் வச்சிருக்கு தம்பி. நீங்க கண்டுபிடிக்கலேன்னா நான் போய்ச் சேந்திருப்பேன். உங்க கை நல்லா இருக்கணும்."

அதை என்னிடம் சொன்னபோது அவன் வேனுக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். இறங்கும்போதுகூட நிமிரவில்லை. "வெக்கமா இருக்குண்ணே. செருப்பால அடிச்சிருந்தாகூட வாங்கிக்கிட்டிருப்பேன்" என்றான்.

ரணம் ஆறவில்லை. சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, அந்தப் பெண் அதே ஆஸ்பத்திரியில் செத்துப் போனாள்.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட கதை.

ஒருநாள் விடியற்காலை... வழக்கம்போல இறக்கிவிட்டேன். அவன் கதவுப் பூட்டில் சாவியைப் போடப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். போனேன். உள்ளே சத்தம்.

கிர்ர்... டக். கிர்ர்... டக்.

"யாரோ வேல பாக்குறாங்க" என்றேன்.

"சாவி என்கிட்டதான்ணே இருக்கு."

திறந்தான். ஆள் இல்லை. எந்திரம் நின்றிருந்தது. சக்கரத்துப் பூட்டும் போட்டபடியே இருந்தது. மெழுகு வாடை, மூக்கை எரிக்கிற மருந்து வாடை. அதற்கு நடுவே இன்னொன்று... எண்ணெய். தையல் மிஷினுக்குச் சொட்டு விடுவார்களே, அந்த எண்ணெய்.

எலி உருட்டியிருக்கும் என்றேன். எலி சக்கரம் சுற்றுமா என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது அதுதான் வாயில் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் டாக்டர் அவனைக் கூப்பிட்டார். "என்னய்யா, கண்ணு தெரியலையா உனக்கு? ஒரு ஆளோட இரைப்பை. ஓரத்துல மார்புச் சதை மிதக்குது." இவன் மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டிக்கும் காகிதம் இழுத்தான். இழுத்த காகிதத்தைத் தூக்கிப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். திரும்பித் தண்ணீரைப் பார்த்தால்... ஒரு துணுக்கு மிதக்கும். தண்ணீரை மாற்றினான். தொட்டியையே மாற்றினான். கத்தியை மாற்றினான். தொண்டை, குடல், ஒரு குழந்தையின் காதுப் பக்கத்துக் கட்டி... எல்லாவற்றின் ஓரத்திலும் அதே துணுக்கு.

"இதுல ஒரு விசேஷம் பாத்தியா" என்றாராம் டாக்டர். "நோயே இல்லாத நல்ல சதைய்யா. அவ்வளவு சுத்தமா இருக்கு."

அந்த வார்த்தைதான் அவனைக் கொன்றது. அவள் வேறு எதையும் கேட்கவில்லை பாருங்கள். கழுத்தை நெரிக்கவில்லை, தலையை விரித்துக்கொண்டு வரவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, பார்... எனக்கு ஒன்றும் இல்லை, பார்... அவ்வளவுதான்.

"டாக்டர்கிட்ட சொல்லிடு மாப்பிள்ளை" என்று பெயிண்டர் கெஞ்சினான். "அந்தப் பொம்பளையோட வீட்டுக்காரர் கால்ல விழுந்துடு. போற மானம் போகட்டும்."

"என்னன்னு சொல்றது மச்சான்? ஒரு காகிதம் இழுக்கச் சோம்பல் பட்டேன், அதுக்காக உங்க சம்சாரத்த அறுத்துட்டாங்கன்னா?"

சொல்லவில்லை. வேலையை விட்டான். குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

போன இடத்தில் அவன் கழுத்தில் ஒரு கட்டி எழும்பியது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்தார்கள். வெட்டியது வேறு ஆள், வேறு எந்திரம், வேறு தொட்டி. பெயிண்டர் சொல்லி, ஒவ்வொரு தடவையும் நான்தான் வேனில் போய்க் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். "சாம்பிள் மாறிப் போச்சுங்க. ஒரு பொம்பளையோட மார்புச் சதைன்னு வந்திருக்கு. நல்ல சதை. இன்னொரு தடவை எடுத்துடலாம்."

இன்னொரு தடவை எடுத்தார்கள். கண்ணாடி முழுக்க அதேதான். அவன் கழுத்துச் சதை அதில் இல்லவே இல்லை.

டாக்டரம்மா இப்போது சிரிக்கவில்லை. "இது எப்படி வருது? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று நேராக அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாதும்மா" என்றான். ரிப்போர்ட்டையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டான். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறவில்லை.

கட்டி வளர்ந்தது. கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. அது என்ன கட்டி, மருந்துக்குக் கேட்குமா, அறுத்தால் போகுமா... ஒருத்தருக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்தான். அவனுடைய பெண்டாட்டி இன்றைக்கும் டாக்டர்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். பெயிண்டர் வாயைத் திறப்பதில்லை. தங்கச்சியிடம் எந்த முகத்தோடு சொல்வான்?

நர்ஸம்மா, நீங்கள் ஏன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறீர்கள்? நான் இதை நம்பவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் துண்டை மாற்றிப் போடுவது புதிதா? ஒரு தடவை மாற்றியவர்கள் இரண்டாம் தடவையும் மாற்றியிருப்பார்கள். அவன் பயந்துபோய்க் கிடந்தான். பயந்தவனுக்கு எல்லாம் அவளாகத்தான் தெரியும்.

டாக்டரம்மாவிடம் வாங்கி வந்த அந்தக் கண்ணாடியா? அன்றைக்குத் திரும்பி வரும்போது என் கையில் கொடுத்தான். "என் கையால தூக்கிப் போட முடியலண்ணே. நீங்க எங்கயாவது போட்டுடுங்க." காகிதத்தில் சுற்றி வேனில் முன் பெட்டிக்குள் வைத்தேன். மறந்துவிட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இந்தத் தம்பி மோப்பம் பிடித்துவிட்டான். "வேன்ல எண்ணெய் வாடை வருமே பெருசு, அது?" என்கிறான். வண்டி என்றால் எண்ணெய் வாடை வராமல் மல்லிகை வாசனையா வரும்? என்ன... வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெய் கறுப்பாக, கருகிய வாடையாக இருக்கும். இது மெல்லிசாக இருக்கிறது. அவ்வளவுதான். ராத்திரியில் எஞ்சினை அணைத்த பிறகும் எதுவோ கிர்ர் என்கிறது; பழைய வண்டி, எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

நம்பிக்கை இல்லாதவன் சாவியைப் பிடித்துக்கொள். வேன் வாசலில்தான் நிற்கிறது, நீயே போய்ப் பெட்டியைத் திறந்து பார். போனில் வெளிச்சம் இருக்கிறதல்லவா?

வேண்டாமா? சரி. சாவி இந்தப் படியிலேயே இருக்கட்டும்.

நான் வருகிறேன். வீடு பக்கம்தான்... நடந்தே போய்விடுவேன். மூட்டு வலிக்கு நடப்பது நல்லது என்கிறார்கள். அதையும் நான் நம்புவதில்லை.